குத்தகை முடியும் இடத்தில் டீசல் கசிந்திருந்தால்: சிங்கப்பூரில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்ய ஒரு வழிகாட்டி

சுங்கை காடுட், துவாஸ், பயனியர் பக்கம் லாரி நிறுவனமோ பட்டறையோ நடத்தும் பலருடைய வளாகத்தில் ஏதோ ஒரு மூலையில் சொந்த டீசல் டேங்க் புதைந்திருக்கும். வண்டிக்கு எண்ணெய் வருகிற வரை அதை யாரும் நினைப்பதில்லை. குத்தகை முடியப்போகிறது, நிலத்தைச் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும் என்று கடிதம் வந்ததும்தான் எல்லோரும் அந்த மூலையைப் பார்க்கிறார்கள்.

எங்கள் நிறுவனத்தில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் சுற்றுச்சூழல் பொறியாளர் இல்லை, நிர்வாகப் பக்கத்து ஆள். ஆலோசகர்கள் பேசியதில் பாதி புரியாமல், ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சைட்டில் மேற்பார்வையாளராக, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் நம்மவர்கள் பலர் கையிலும் இந்த வேலை திடீரென்று வந்து சேர்கிறது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன மண்ணைச் சில நாளில் தோண்டி எடுத்துவிடலாம். நிலத்தடி நீர் அப்படி அவசரப்படாது. உங்கள் கால அட்டவணையைத் தண்ணீரை வைத்துப் போடுங்கள், மண்ணை வைத்துப் போடாதீர்கள்.

1. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

குத்தகை முடியும் தேதியை எழுதிவைத்து அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசியில் நில உரிமையாளர் அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்க நேரம் வேண்டும். அதற்கு முன் சுத்தம் செய்தபின் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் மாதங்கள். அதற்கும் முன் தோண்டும் வேலை, அனுமதிகள், முதல் ஆய்வு. கசிவு இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் குறைந்தது 18 மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள் என்பது என் கணக்கு. கசிவே இல்லை என்று தெரியவந்தால் நல்லது, மிச்ச நேரத்தை வீடு மாறும் வேலைக்கு, அதாவது வண்டிகளையும் ஆட்களையும் புது இடத்துக்கு மாற்றும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாமதத்துக்கு விலை உண்டு. சிவில் லா சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, குத்தகை முடிந்த பிறகும் இடத்தைக் காலி செய்யாத குத்தகைதாரரிடம் உரிமையாளர் விரும்பினால் இரட்டை வாடகை கேட்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் இதைவிடக் கடுமையான வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது, குத்தகை தொடங்கியபோது செய்த அடிப்படை ஆய்வு அறிக்கை. தொழிற்பேட்டை வட்டாரத்தில் அதை 'இபிஎஸ்' என்றுதான் சொல்வார்கள். நீங்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் என்ன இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாவிட்டால் முந்தைய குத்தகைதாரர் சிந்திய எண்ணெய்க்கும் நீங்கள் பணம் கட்ட நேரும். உங்கள் கோப்பில் இல்லையென்றால் உரிமையாளரிடம், பழைய ஆலோசகரிடம், நிறுவனத்தை வாங்கியிருந்தால் விற்றவரின் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அதோடு சேர்த்து வேண்டியவை: குத்தகை ஒப்பந்தமும் பின்னால் வந்த கடிதங்களும், டேங்க் புதைத்தபோது வரைந்த வரைபடம், குடிமைத் தற்காப்புப் படை தந்த பெட்ரோலிய சேமிப்பு உரிமம், டேங்க் கசிகிறதா என்று பார்த்த இறுக்கச் சோதனைச் சான்றுகள், தினமும் அளவுக்கோல் விட்டு எண்ணெய் அளந்த பதிவு, எண்ணெய் பிரிப்புத் தொட்டியைச் சுத்தம் செய்த ரசீதுகள். அளவுக்கோல் பதிவை யாரும் மதிப்பதில்லை. ஆனால் வாங்கிய டீசலுக்கும் வண்டிகளுக்கு ஊற்றிய டீசலுக்கும் மாதாமாதம் ஒரே திசையில் வித்தியாசம் இருந்தால் கசிவு எப்போது தொடங்கியது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இடத்தில் நீண்ட நாள் வேலை பார்த்த மூத்த ஓட்டுநர் ஒருவர் இருப்பார். அவரோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். "அண்ணே, முன்னாடி பம்ப் எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய டேங்க்கை அவர் காலால் தட்டிக் காட்டுவார்.

3. யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்

ஒரே அலுவலகத்தில் முடிகிற வேலை இல்லை இது. நிலம் ஜேடிசி என்ற அரசுத் தொழிற்பேட்டைக் கழகத்துடையது என்றால் ஆய்வின் அளவையும் அறிக்கையையும் பார்ப்பது அவர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்கட்டடங்களும் நிலங்களும் 2018 ஜனவரியில் ஜேடிசிக்கு மாறிவிட்டன, எனவே பழைய ஒப்பந்தத்தில் வேறு பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். அரசு நிலத்தைத் தற்காலிகமாக எடுத்திருந்தால் சிங்கப்பூர் நில ஆணையம்.

மாசுக் கட்டுப்பாடும் நச்சுத் தொழிற்கழிவும் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு. மாசுக் கட்டுப்பாட்டுக்கான நடைமுறை விதித்தொகுப்பு 'எஸ்எஸ் 593'. எந்த ஆலோசகரும் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்வார். கழிவுநீரைச் சாக்கடைக் குழாயில் விடுவதற்கும், சேற்றுநீர் வடிகாலுக்குப் போகாமல் தடுப்பதற்கும் பொதுப் பயனீட்டுக் கழகம். டேங்க்கை மூடவும் எடுக்கவும் குடிமைத் தற்காப்புப் படை. குழிக்குள் ஆள் இறங்கினால் மனிதவள அமைச்சின் விதிகள்.

கசிவு இப்போதே வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். உடனே நிறுத்துங்கள், அடையுங்கள், அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தின் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேர்கிறது. வாசல் வடிகாலில் மிதக்கும் எண்ணெய் வேறு யாருக்கோ குடிநீராகப் போகும் தண்ணீரில் மிதக்கிறது.

4. கொட்டேஷன் வாங்கும்போது

மொத்தத் தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எங்களுக்கு வந்ததில் மிக மலிவான கொட்டேஷனில் தண்ணீர் மாதிரியே இல்லை, மண் மட்டும்தான். கேட்டபோது "அது ஆப்ஷனல்" என்று பதில் வந்தது.

பிரித்துக் கேளுங்கள்: துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச்செல்லும் கட்டணம், ஒரு துளைக்கு எவ்வளவு, துளையை நிலத்தடி நீரைச் சோதிக்கும் கிணறாக மாற்ற எவ்வளவு, ஒரு மாதிரிக்கு ஆய்வுக்கூடக் கட்டணம், அவசரமாக முடிவு வேண்டுமென்றால் கூடுதல், துளையிட்ட மண்ணும் தண்ணீரும் நிறைந்த டிரம்களை அகற்ற எவ்வளவு, அறிக்கையை உரிமையாளர் திருத்தச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணமா. கூடுதல் துளைக்கான விலையை இப்போதே எழுதி வாங்குங்கள். முதல் சுற்றில் எண்ணெய் தெரிந்தால் அது எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க இரண்டாம் சுற்று கட்டாயம் வரும். அப்போது பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். பெரும்பாலான கொட்டேஷன்களில் 9% பொருள், சேவை வரி சேர்ந்திருக்காது, அதையும் கூட்டிப் பாருங்கள்.

ஆய்வுக்கூடம் சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் 'சிங்லாஸ்' அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். நீங்கள் கேட்கும் சோதனைகளுக்கே அந்த அங்கீகாரம் இருக்க வேண்டும், கூடத்துக்குப் பொதுவாக இருந்தால் போதாது.

5. துளையிடும் முன்

தரைக்கடியில் மின்கம்பி, எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கம்பி, சாக்கடைக் குழாய் எல்லாம் ஓடுகின்றன. வரைபடங்களை வாங்கி, உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவரை வைத்துத் தரையில் குறித்த பிறகே இயந்திரம் இறங்க வேண்டும். அதற்கு மேலும் முதல் 1.2 மீட்டரைக் கையால் தோண்டச் சொல்லுங்கள். உயர் அழுத்தக் கம்பியில் துளை பட்டால் அபராதமும் வழக்கும் வரும், அதைவிட முதலில் ஆள் போய்விடும். இந்த விஷயத்தில் "எனக்குத் தெரியும் தம்பி, இங்க ஒண்ணும் இல்ல" என்பவரை நம்பாதீர்கள்.

துளைகள் எங்கே? டேங்க்கைச் சுற்றி மட்டும் என்றால் போதாது. டேங்க்கின் உடம்பைவிடக் குழாய் இணைப்புகளையும், டேங்கர் வந்து நிரப்பும் வாயையும், பம்ப்பின் அடியையும் நான் அதிகம் சந்தேகப்படுவேன். நிலத்தடி நீர் ஓடும் திசையில் எல்லைச் சுவர் ஓரமாக ஒன்று, அது வரும் மேல்திசையில் ஒன்று கண்டிப்பாக வேண்டும். பக்கத்து இடத்திலிருந்து எண்ணெய் உங்கள் நிலத்துக்கு வருகிறதா என்பதை மேல்திசைக் கிணறு சொல்லிவிடும். அது இல்லாத அறிக்கை உங்களுக்கு எதிராகவே பேசும்.

மண்ணின் தன்மை இடத்துக்கு இடம் மாறும். துவாஸ் பக்கம் கடலைத் தூர்த்து நிரப்பிய மணல், எண்ணெய் அதில் வேகமாகப் பரவும். காலாங் படிவு என்ற மண்ணடுக்கு இருக்கும் தாழ்ந்த பகுதிகளில் மென்மையான கடல் களிமண், எண்ணெய் மெதுவாகப் போகும், ஆனால் உள்ளே போனது லேசில் வெளியே வராது.

மண் மேலே வரும்போது பிஐடி என்ற கையடக்க வாயுமானியால் முகர்ந்து பார்ப்பார்கள். பெட்ரோலுக்கு அது நன்றாகக் காட்டும். டீசல் அவ்வளவு ஆவியாகாததால் எண் குறைவாகவே வரும். நம் ஊர் ஈரப்பதமும் அதைக் குழப்பும். எனவே "பிஐடி காட்டவில்லை" என்பதை வைத்து மாதிரி எடுக்காமல் விட அனுமதிக்காதீர்கள். நிறத்தைப் பாருங்கள், வாடையைக் கவனியுங்கள், நிலத்தடி நீர் மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள மண்ணை எப்படியும் எடுக்கச் சொல்லுங்கள். டீசல் அங்கேதான் தங்கும்.

6. கண்காணிப்புக் கிணறுகள்

இங்கேதான் பணம் வீணாவது அதிகம். டீசலும் பெட்ரோலும் குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். கிணற்றின் சல்லடைப் பகுதி, அதாவது பிளவு வெட்டிய பிவிசி குழாய், நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுவதும் நீருக்கடியில் அமைத்துவிட்டால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வரவே வராது. அறிக்கை "எண்ணெய் இல்லை" என்று சொல்லும், பிறகு தோண்டும்போது குழியில் டீசல் நிற்கும். கிணறு அமைத்த வரைபடத்தைக் கேட்டு, சல்லடை எந்த ஆழத்தில் தொடங்குகிறது, நீர்மட்டம் எங்கே என்ற இரண்டு எண்ணையும் நீங்களே ஒப்பிடுங்கள். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான பயமும் தேவையில்லை. கிணற்றில் அளந்த எண்ணெயின் தடிமன் மண்ணில் இருப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே தெரியும்.

கிணறு போட்ட உடனே மாதிரி எடுக்கக் கூடாது. சேற்றை வெளியேற்றி, தண்ணீர் தெளிந்து நிலைகொள்ள விட வேண்டும். மாதிரி எடுக்கும் நாளில் மெதுவாக இறைத்து, அமிலத்தன்மை, மின்கடத்தும் திறன், கரைந்த ஆக்சிஜன் எல்லாம் நிலையான பிறகே குப்பியை நிரப்புவார்கள். ஆவியாகும் பொருள்களுக்கான 40 மில்லிலிட்டர் குப்பியில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. ஐஸ் பெட்டி, கைமாற்றுப் படிவம் (மாதிரி யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்ற பதிவு), நகல் மாதிரி (அதே இடத்தில் எடுத்த இன்னொன்று), பயண வெற்று மாதிரி (வழியில் மாசு சேர்ந்ததா என்று பார்க்கக் கூடவே போகும் சுத்தமான நீர்க் குப்பி) ஆகியவை அன்று இருந்தனவா என்று படம் எடுத்து வையுங்கள். கடலோரமாக இருந்தால் ஓதத்தோடு நீர்மட்டம் ஏறி இறங்கும், எல்லாக் கிணறுகளையும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

இறைத்த தண்ணீரை வடிகாலில் கொட்டாதீர்கள். டிரம்மில் பிடியுங்கள். பொதுச் சாக்கடைக்கு விட அனுமதி கேட்டாலும் ஹைட்ரோகார்பன் எண்ணெய்க்கு லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரம்பு உண்டு.

7. ஆய்வு முடிவைப் படிப்பது

ஆலோசகரின் அட்டவணையில் உங்கள் முடிவுக்குப் பக்கத்தில் இருப்பது டச்சு 'தலையீட்டு மதிப்புகள்', அதாவது தாண்டினால் நடவடிக்கை தேவைப்படும் வரம்புகள். நெதர்லாந்தின் எண்களை இங்கே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எரிபொருள் கசிவுக்கு நினைவில் வைக்க வேண்டியவை: மண்ணில் கனிம எண்ணெய் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம், பென்சீன் 1.1 மில்லிகிராம். தண்ணீரில் கனிம எண்ணெய் லிட்டருக்கு 600 மைக்ரோகிராம், பென்சீன் 30, சைலீன் 70.

இதில் மூன்று பொறிகள்.

ஒன்று, மண்ணுக்கான அந்த எண்கள் 10% கரிமப் பொருள் உள்ள 'நியம மண்ணுக்கு' ஆனவை. உங்கள் மண்ணில் கரிமப் பொருள் குறைவாக இருந்தால் வரம்பும் அதே விகிதத்தில் இறங்கும், 2% வரைக்கும். கடலை நிரப்பிய மணலில் கரிமப் பொருள் மிகக் குறைவு. ஆக துவாஸ் மணலில் உங்கள் வரம்பு 5,000 இல்லை, 1,000 ஆகிவிடலாம். 3,000 வந்ததும் "பாஸ்" என்று கொண்டாடிவிடாதீர்கள். கரிமப் பொருள் சோதனையை முதல் சுற்றிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, அலகுகள். சில ஆய்வுக்கூடங்கள் தண்ணீரை மில்லிகிராமில் எழுதும். 0.8 என்று பார்த்தால் சின்னதாகத் தெரியும். அது 800 மைக்ரோகிராம், வரம்புக்கு மேல்.

மூன்று, டச்சுக் கனிம எண்ணெய் என்பது சி10 முதல் சி40 வரை, அதாவது 10 முதல் 40 கார்பன் அணுக்கள் கொண்டவை. ஆய்வுக்கூடம் சி6–சி9, சி10–சி14 என்று துண்டு துண்டாகத் தரும். எதை எதோடு கூட்டினார்கள் என்று கேளுங்கள். கரி கலந்த சதுப்பு மண்ணில் இயற்கையான கரிமப் பொருளே எண்ணெயாகக் கணக்கில் வந்துவிடலாம். சந்தேகம் இருந்தால் அந்த இயற்கைப் பொருளை நீக்கும் சிலிக்கா ஜெல் சுத்திகரிப்புக்குப் பிறகு மறுபடி அளக்கச் சொல்லலாம். கூடுதல் செலவுதான், ஆனால் பத்து லாரி மண்ணைத் தேவையில்லாமல் அகற்றுவதைவிட மலிவு.

மிகப் பழைய இடமாக இருந்து பெட்ரோலும் வைத்திருந்தால் ஈயத்தையும் சோதியுங்கள். சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 1998 ஜூலையில்தான் முழுதாக நின்றது.

8. டேங்க்கை எடுப்பது

உரிமம் பெற்ற, இதே வேலையைச் செய்கிற ஒப்பந்ததாரர்தான் வேண்டும். எண்ணெயை இறைத்து, வண்டலை எடுத்து, வாயு நீக்கி, அளந்து, எழுத்தில் சான்று வாங்கிய பிறகே வெட்டும் கருவி பக்கத்தில் வரலாம். டேங்க்குக்குள் ஆள் இறங்குவது மூடிய இட வேலை. நுழைவு அனுமதி, ஆக்சிஜன் அளவு, தீப்பற்றும் வாயு அளவு, வெளியே ஒரு காவலர் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பணி அனுமதிச் சீட்டும் பக்கச் சுவர்த் தாங்கலும் வேண்டும். வண்டல் நச்சுத் தொழிற்கழிவு. சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற சேகரிப்பாளர் மட்டுமே எடுக்கலாம், ஒவ்வொரு முறைக்கும் ஒப்படைப்புப் பதிவு இருக்க வேண்டும்.

9. சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுப்பது

டீசல், சிறிய பரப்பு, மேலே கட்டடம் இல்லை என்றால் தோண்டி எடுப்பதே வேகம். செலவைப் பருமனில் நினைக்காமல் எடையில் நினையுங்கள், ஏனென்றால் அகற்றும் கட்டணம் டன்னுக்குத்தான். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் என்றால் 60 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.8 டன் என்று வைத்தால் 108 டன். குழி ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் வளர்ந்தால் பரப்பு 7க்கு 6 ஆகி 226 டன்னைத் தாண்டிவிடும். ஒரு மீட்டர்தானே என்று நினைப்பீர்கள், பில் இரண்டு மடங்காகும். அதனால்தான் முதலிலேயே துளைகளுக்குச் செலவழித்து எல்லையைத் துல்லியமாகக் கண்டுபிடியுங்கள் என்கிறேன். சுத்தமான மண்ணைத் தனியாகக் குவியுங்கள், கெட்டதோடு கலந்துவிட்டால் எல்லாமே கெட்ட மண்ணின் விலைக்குப் போகும்.

எண்ணெய் கட்டடத்துக்கு அடியில் போயிருந்தால் வெற்றிடம் வைத்து நீர், எண்ணெய், ஆவி மூன்றையும் சேர்த்து உறிஞ்சும் முறை வரும். மண்ணிலிருந்து ஆவியை மட்டும் உறிஞ்சும் முறை மணலில் உள்ள பெட்ரோலுக்கு நல்லது, டீசலுக்கு மந்தம். ரசாயனம் செலுத்தி ஆக்சிஜனேற்றம் செய்யும் முறையை யாராவது களிமண்ணுக்குப் பரிந்துரைத்தால் நிறையக் கேள்வி கேளுங்கள். ரசாயனம் களிமண்ணுக்குள் பரவாது. முதல் மாதம் தண்ணீர் தெளிவாகக் காட்டும், களிமண்ணில் தங்கியது மெல்லக் கசிந்து மூன்றாம் மாதம் எண் திரும்ப ஏறும். மிதக்கும் எண்ணெயை முதலில் எடுக்காமல் எந்த ரசாயனத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பருவத்தையும் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை குழியை நிரப்பும். அந்தத் தண்ணீரும் எண்ணெய் பட்டது, லாரி வைத்து எடுக்க வேண்டும். பிப்ரவரி நல்ல மாதம். சேற்றுநீர் வெளியே போனால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் திடப்பொருள் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்பு. திறந்த குழியில் மழைநீர் தேங்கினால் கொசு வரும், டெங்கி சோதனைக்கு வருபவர் உங்கள் எண்ணெய்க் கதையைக் கேட்க மாட்டார். தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

10. சரிபார்ப்பும் ஒப்படைப்பும்

குழியை நிரப்பும் முன் நான்கு பக்கச் சுவரிலும் அடியிலும் மாதிரி எடுங்கள். முடிவு வரும்வரை நிரப்பக் கூடாது. ஒப்பந்ததாரர் இயந்திர வாடகையைக் காட்டி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்கவேண்டிய இடம் இல்லை அது. அவசர ஆய்வுக் கட்டணம் இங்கே நியாயம்.

அப்புறம் தண்ணீர். குழி தோண்டியதில் பழைய கிணறுகள் சில உடைந்திருக்கும், அதே இடத்தில் புதிது போடுங்கள். ஒரே ஒரு நல்ல முடிவை வைத்து நிலத்தை ஏற்கச் சொன்னால் உரிமையாளர் தயங்குவார், அது நியாயமும்கூட. எத்தனை சுற்று, எவ்வளவு இடைவெளி என்பதைச் சுத்தம் செய்யும் திட்டத்திலேயே எழுதி, வேலை தொடங்கும் முன் அவர்களின் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். எந்த எண் வந்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு என்பதும் அதே மின்னஞ்சலில் இருக்கட்டும். வாய்மொழியாகச் சொன்ன அதிகாரி அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார்.

இறுதி அறிக்கையோடு சேர்க்க வேண்டியவை: டேங்க் அகற்றிய சான்று, வாயு நீக்கிய சான்று, நச்சுக் கழிவு ஒப்படைப்புப் பதிவுகள், எடைச் சீட்டுகள், நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது என்ற ரசீதும் அதன் சோதனையும், ஆய்வுக்கூடத்தின் அசல் அறிக்கைகள், தேதியோடு படங்கள். எடைச் சீட்டுகளின் மொத்தமும் ஒப்படைப்புப் பதிவுகளின் மொத்தமும் பொருந்துகின்றனவா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

ஏற்புக் கடிதம் கைக்கு வந்தபின் கண்காணிப்புக் கிணறுகளை சிமெண்ட், பென்டோனைட் களிமண் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் அடைக்காதீர்கள். அடைத்த படங்களையும் ஏற்புக் கடிதத்தையும் முதல் நாள் தேடியெடுத்த அடிப்படை ஆய்வு அறிக்கையோடு ஒரே கோப்பில் வையுங்கள். வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்கும்போது அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.